மணலிலிருந்து மணற்கேணிக்கு

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கே மலைத்தொடர் கூடவே நடந்துவர, சிறிது தொலைவில் எதிர்ப்படுவது சேத்தூர். பழைய நூல்கள் சேற்றூர் என எழுதும். ஜமீன் ஆட்சி நடந்த ஊர் இது. அதன் நிழலில் தமிழும் வளர்ந்தது. அருகிலுள்ள முகவூரைச் சேர்ந்த இராமசாமிக் கவிராயரும் அவர்தம் மக்களும் சேற்றூர்ச் சமஸ்தானப் புலவர்களாக விளங்கினர். அந்நாளில் ஒரு நூலைக் கற்க விரும்பியவர், அந்த ஏடு இருக்கும் வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும். ஏட்டுக்கு உரியவர் மனம் வைத்தால் படிக்கலாம். இன்னும் மனம் இரங்கினால் பெயர்த்து எழுதிக்கொள்ளலாம்.

அண்மையில் அவ்வூர் வகுப்பறை ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். ஆசிரியை, தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து சாம்பல் நிற அணிலைப் பற்றிய செய்தியைக் கைப்பேசியில் எடுத்து, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் இந்த அணிலுக்காக 1988இல் சரணாலயம் அமைந்ததையும், 2021இல் அப்பகுதி மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமானதையும் சொல்லிக்கொண்டு வந்தார். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், இது எங்க தோப்புக்கு வரும். புளிய மரத்துல கூடு கட்டியிருக்கு" என்றான். ஆசிரியை கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, அவனை முன்னால் அழைத்துப் பேசச் சொன்னார்.

அந்தச் சிறு கருவி அவர் கைக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. அதில் நம் மாநிலத்துக்கு உள்ள பங்கை நாமே பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கி வைத்த கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகத் தெரிவித்தது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அங்கே கரும்பலகை இல்லை. மணலே பலகை, விரலே எழுதுகோல். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இந்த மணல் கடல் கடந்த கதை சுவையானது. எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குரு, ஒருநாள் வழியில் நம்மவர் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர் இசையவில்லை. பெல் சோர்ந்துவிடாமல், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார்; அவன் செய்து காட்டினான். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூலால் இம்முறை பரவி, இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. வழி காட்டிய திண்ணை வாத்தியார் யாரென்று எவரும் குறித்து வைக்கவில்லை.

மணல் எழுதக் கற்பித்தது. எழுதியதைத் தேடிக் கண்டெடுக்க வேறு கருவி வேண்டியிருந்தது. பழங்காலத்தில் சொற்பொருள் அறிய நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டும். மனத்தில் நூல் ஏறாதவனுக்கு அதன் பொருளும் கிட்டாது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தி இந்தத் தடையை நீக்கியது. நினைவாற்றல் குறைந்தவனும் வரிசை தெரிந்தால் போதும், சொல்லை எடுத்துக்கொள்ளலாம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்ட அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தமும் கற்போர் மீது கொண்ட இரக்கத்தினால் விளைந்ததே என்று நாம் கருதுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து அப்பணியைப் பெரிதும் விரிவாக்கியது. அப்பெருந்தொகுதிகளை ஒரு சிற்றூர்ப் பள்ளி விலைக்கு வாங்குவது எளிதன்று. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இணையத்தில் தமிழ் எளிதாக நுழைந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொரு கணினியில் புரியாத கோலமாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. பின்னர் ஒருங்குறி பரவியதால் எழுத்துருக் குழப்பம் ஒருவாறு அடங்கியது.

அக்குழப்பத்தின் நடுவிலேயே ஒரு நற்பணி தொடங்கியது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள், பலரும் ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, விலையின்றி வழங்கினர். ஊதியமில்லை, பட்டயமில்லை. ஏடு பெயர்த்தெழுதியோரின் மரபு இவர்களிடம் தொடர்கிறது எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு: பெயர்த்தெழுதிய ஏடு ஒரு வீட்டுக்கே போகும், இவர்கள் எழுதியது எல்லார் வீட்டுக்கும் போயிற்று.

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் திட்டமும் தோன்றின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எண்ணுவோர் இந்த மூன்றாவதன் அருமையை உணர்வர்.

அரசின் கைகொடுப்பு சற்றுப் பின்னரே வந்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நடுவண் அரசு தீக்ஷா தளத்தைத் தொடங்கியது. 2018இல் வெளிவந்த தமிழகப் புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியைக் காட்டினால் பாடத்துக்குரிய ஒளிப்படக் காட்சி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது.

இவையெல்லாம் சோதிக்கப்பட்ட காலம் 2020. மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்தில் இருந்தன; பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்; இடையே ஒரு கைப்பேசி இல்லை. இருந்த ஒன்றையும் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் அண்ணனும் தங்கையும் என் செய்வர்? ஏட்டுக்காக ஊரார் வீட்டு வாசலில் நின்ற பழைய நிலை, வேறு உருவில் திரும்பி வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தனர். மின்திரையால் எட்ட முடியாத இடத்தைப் பழைய திண்ணை எட்டிப் பிடித்தது என்றே நமக்குத் தோன்றியது.

அதன்பின் பள்ளிக் கல்வித் துறை மாணவர்க்கென வெளியிட்ட செயலிக்கு மணற்கேணி என்று பெயர். கல்வியைப் பாடவந்த வள்ளுவர் காட்டிய உவமை அது. மணலில் எழுதக் கற்ற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

நாம் கண்ட வகுப்பு முடிந்தபின், அந்தப் பையன் சொன்ன கூட்டைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதிச் சேர்க்கலாமா என ஆசிரியை நம்மைக் கேட்டார். யாரும் எழுதலாம், ஆனால் வெளியான நூலோ இதழோ சான்றாகக் காட்ட வேண்டும், ஒருவர் நேரில் கண்டது மட்டும் போதாது என்றோம். அவர் சற்றே யோசித்தார். "அப்படியானால் முதலில் அவனையே எங்கள் கையெழுத்து இதழில் எழுதச் சொல்கிறேன்" என்று கூறி, அவனை அழைத்துவர ஆள் அனுப்பினார்.