உழவர்க்கென எழுந்த வங்கி மாளிகை

மாநகரங்களில் மாளிகைகள் எழுவது வியப்பன்று. செல்வரும் கலைஞரும் அங்கே திரளுகின்றனர். ஆனால், ஐயாயிரத்துச் சொச்சம் மக்களே வாழ்ந்த ஒரு சிற்றூரில், கட்டடக் கலை வல்லுநர் நாடிச் சென்று காணும் கட்டடம் ஒன்று எழுந்ததெனில், அதன் வரலாறு நாம் அறியத்தக்கதே. அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில், பால் பண்ணைகளும் தானிய வயல்களும் சூழ்ந்த ஓவட்டோனா என்னும் ஊரில் எழுந்த தேசிய உழவர் வங்கியே அக்கட்டடமாகும்.

அந்நாளில் அமெரிக்க வங்கிகள் பலவும் கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் போலத் தூண் வரிசைகளுடன் அமைந்தன. அவ்வங்கியின் துணைத் தலைவரான கார்ல் பென்னட் அக்கோலத்தை விரும்பினாரல்லர். தம் ஊருக்கும் உழவர்க்கும் உரியதொரு கட்டடத்தை நாடிய அவர், ஓர் இதழில் லூயி சல்லிவன் எழுதியிருந்த கட்டுரையைக் கண்டு, 1906-ஆம் ஆண்டில் அவரையே அழைத்தார். சல்லிவன் எளியவரல்லர், வானளாவிய கட்டடங்களுக்குத் தக்க வடிவம் கண்டவர், பிராங்க் லாயிட் ரைட்டுக்கு ஆசானாய் விளங்கியவர். எனினும் அப்போது அவரைத் தேடி வருவோர் அருகியிருந்தனர். கைவிடப்பட்ட கலைஞனைச் சிற்றூர் ஒன்று நம்பி அழைத்தது!

1908-இல் வங்கி திறக்கப்பெற்றது. பக்கத்துக்கு 68 அடி கொண்ட சதுரக் கட்டடம் அது. அடியில் செம்மணற்கல், அதன்மேல் பல சாயல்கள் கலந்த செங்கல், தெருவை நோக்கிய இரு புறங்களிலும் 36 அடி அகன்ற பெரிய வளைவுகள். வளைவுகளை நிறைக்கும் வண்ணக் கண்ணாடிகளின் வழியே பச்சொளி உள்ளே பாய்கிறது. உட்சுவர்களில் மேயும் பசுக்களும் அறுவடை வயலும் ஓவியங்களாய்த் திகழ்கின்றன. தொங்கும் நான்கு விளக்குகளும் ஒவ்வொன்றும் இரண்டேகால் டன் எடையுள்ள வார்ப்பிரும்பு வேலைப்பாடு. சல்லிவனுக்குத் துணைநின்ற ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைத்திறன் அவ்வணிகளில் மிகுதியும் விளங்குகிறது. உழவர் கூடிப் பேச ஓர் அறையும், பெண்டிர்க்கென ஓர் அறையும் அமைந்திருந்தன. பணத்தைக் காக்கும் இடம் ஊரார் கூடும் இடமாகவும் ஆயிற்று.

இதன் பின்னரும் சல்லிவனுக்கு நற்காலம் பிறக்கவில்லை. 1909-இல் தம் உடைமைகளை ஏலத்தில் விற்றார். கிரின்னல், சிட்னி, கொலம்பஸ் முதலிய சிற்றூர்களில் மேலும் சில வங்கிகளைக் கட்டினார். 1924-இல் சிகாகோவில் வறுமையில் மறைந்தார். முதல் உலகப் போருக்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவர் நலிந்தனர். 1926-இல் உழவர் வங்கியும் முறிந்தது. கட்டியவரும் கட்டுவித்தவரும் வீழ்ச்சியைக் கண்டனர். கட்டடம் மட்டும் நிலைத்தது.

அதற்கும் இடையூறு நேராமலில்லை. 1929-இல் வேறொரு வங்கி அதனை வாங்கியது. 1940-இல் புதுப்பிப்பதாய் எண்ணி உள்ளமைப்பில் பலவற்றை அகற்றினர். பின்னர், 1950-களில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, பழைய அழகு கெடாதவாறு சீர்செய்தனர். 1976-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 1981-இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பாடமுண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், நூலகமோ அரங்கமோ எழுப்ப முனையும்போது, ‘சிறிய கூட்டத்துக்கு இது போதும்’ என எண்ணிவிடுகிறோம். ஓவட்டோனாவின் உழவர்க்கு அவ்வாறு எவரும் கூறியிருந்தால், இன்று அவ்வூரின் பெயரை நாம் அறிந்திருப்போமா? கட்டுவதைச் செம்மையாய்க் கட்டுவோம். கட்டியதைப் பேணிக் காப்போம். வரவு செலவுக் கணக்குகள் முடிந்த பின்னரும் நம் மக்களுக்கு எஞ்சி நிற்பவை அவையே.