தொண்ணூத்திரண்டாம் வருஷத்துப் பாட்டு

அம்மாவின் கேசட் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர்தான் இல்லை. உள்ளே மடித்து வைத்த அட்டையில் ரெக்கார்டிங் கடைக்காரர் பச்சை மையில் பன்னிரண்டு பாட்டுகளின் முதல் வார்த்தைகளை எழுதியிருக்கிறார். ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு. மேலே ஒரு பிள்ளையார் சுழி, கீழே 1992 என்று வருஷம்.

நான் பிறந்தது அந்த வருஷம் நவம்பரில். பிள்ளை பெற்று வீட்டோடு கிடந்த அக்காவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று மாமா பாட்டு லிஸ்ட் கேட்டிருக்கிறார். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி போய், ஒரு கடையில் கொடுத்து, நாலு நாள் கழித்து வாங்கி வந்தாராம். அப்போது அதுதான் முறை. கடையில் எல்லாப் படத்துக் கேசட்டும் இருக்கும். நாம் கேட்கிற பாட்டுகளை மட்டும் ஒரு காலி கேசட்டில் ஏற்றித் தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கணக்காக ஆறு பாட்டு. ஏழாவதைக் கேட்டால் கடைக்காரர் முறைப்பார், இல்லையென்றால் பாதிப் பாட்டில் டேப் தீர்ந்துவிடும்.

இப்போது பிறந்த வருஷத்துப் பாட்டு எது என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வது ஒரு விளையாட்டு. தொண்ணூத்திரண்டில் பிறந்தவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். ‘ரோஜா’. ஆகஸ்ட் 15, ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம். ரஹ்மானும் நானும் ஒரே வருஷம் என்று ரொம்ப நாள் நானும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். “அந்தப் பாட்டு அப்ப எங்கடா நம்ம ஊருல கேட்டுச்சு? அது மெட்ராஸ்காரங்க பாட்டு.”

கேசட் அட்டையும் அவள் பக்கம்தான் பேசுகிறது. பன்னிரண்டில் ‘ரோஜா’ ஒன்றே ஒன்று. பி பக்கத்தில், கடைசி. இடம் மிச்சமிருந்ததால் கடைக்காரரே போட்டுவிட்டார் என்பது மாமாவின் வாதம்.

ஒரு வருஷத்தின் பாட்டு என்று நாம் பின்னாலிருந்து பார்த்துச் சொல்வதும், அந்த வருஷத்தில் இருந்தவர்கள் கேட்டதும் வேறுவேறு. 1992ஐ வரிசையாக ஓட்டிப் பார்த்தால் இது தெரியும். பொங்கலுக்கு ‘மன்னன்’. அதில் ஜேசுதாஸ் பாடிய அம்மா பாட்டு இன்றைக்கும் பஸ்ஸில், ஆட்டோவில், டீக்கடையில் ஓய்ந்தபாடில்லை. அதே பொங்கலுக்கு ‘அமரன்’, ஆதித்யன் இசையில் நடிகர் கார்த்திக்கே ஒரு பாட்டுப் பாடினார். சித்திரைக்கு ‘சிங்காரவேலன்’. ஜூனில் ‘அண்ணாமலை’. ‘செம்பருத்தி’யும் அதே வருஷம்தான். ரோஜா என்ற நடிகை தமிழுக்கு அறிமுகமானது அந்தப் படத்தில். ‘ரோஜா’ படத்தின் நாயகியோ மதுபாலா. (அந்தக் காலத்துச் சின்னப் பிள்ளைகள் இதில் எத்தனை குழம்பியிருப்பார்கள்!) அக்டோபர் 25 தீபாவளிக்குக் கமலுக்கு ‘தேவர் மகன்’, ரஜினிக்கு ‘பாண்டியன்’. இரண்டுக்கும் இசை இளையராஜா. ஆண்டு முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும் ராஜாவாகத்தான் இருந்திருக்கிறது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, விவித் பாரதி, எங்கள் பக்கம் இழுக்கும் இலங்கை வானொலி. எல்லாம் அவர் ராஜ்ஜியம்.

ஆனாலும் அந்த ராஜ்ஜியத்தின் மதிலுக்கு வெளியே அந்த வருஷம் ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன், எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. கே.பாலசந்தரின் கவிதாலயா 1992ல் எடுத்த படங்களில் மூன்றைப் பாருங்கள். ‘அண்ணாமலை’க்கு தேவா, ‘வானமே எல்லை’க்கு மரகதமணி, ‘ரோஜா’வுக்கு ரஹ்மான். மூன்று படம், மூன்று இசையமைப்பாளர், ஒருவர்கூட இளையராஜா இல்லை. ‘சிந்து பைரவி’யில் சேர்ந்து உச்சம் தொட்டவர்கள், ‘புதுப்புது அர்த்தங்க’ளோடு பிரிந்துபோனார்கள். மணிரத்னமோ அதுவரை எடுத்த எல்லாப் படத்துக்கும் ராஜாவிடமே போனவர். ‘தளபதி’தான் கடைசி. மூன்று படத்துக்கும் பாட்டு எழுதியவர் வைரமுத்து. 1980ல் ‘நிழல்க’ளில் இளையராஜா மெட்டுக்கு எழுதித்தான் சினிமாவுக்குள் வந்தார், எண்பதுகளின் நடுவில் அந்த வாசல் அவருக்குச் சாத்தப்பட்டது. ரஹ்மானும் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான்.

இவர்களெல்லாம் சதி செய்து கூடினார்கள் என்று சொல்லவில்லை. ஒரே ஆள் வருஷத்துக்கு ஏகப்பட்ட படம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலில், அவரோடு ஒத்துப்போகாதவர்களுக்கு வேறு போக்கிடம் வேண்டியிருந்தது. அந்தப் போக்கிடம் தொண்ணூத்திரண்டில் திறந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மரகதமணி என்பது கீரவாணியின் தமிழ்ப்பெயர். ரஹ்மான் 2009ல் ஆஸ்கர் வாங்கினார், கீரவாணி 2023ல். அந்த ஒரு வருஷத்தில் பாலசந்தர் அலுவலகத்துக்குள் பின்னாளைய இரண்டு ஆஸ்கர்காரர்கள் போய்வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்ததென்னவோ தேவா ஒருத்தரைத்தான். ‘அண்ணாமலை’யில் சூப்பர் ஸ்டார் என்று எழுத்தெழுத்தாக வரும்போது கேட்கிற அந்த இசைக்குத் தியேட்டரில் எழுந்த விசில் பற்றி மாமா இன்றைக்கும் பேசுவார்.

அப்படியானால் ‘ரோஜா’ ஏன் எங்கள் ஊருக்குத் தாமதமாக வந்தது? எனக்கு ஒரு ஊகம் உண்டு. ரஹ்மான் 1989ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிப் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். ‘ரோஜா’வின் புதுமை மெட்டில் மட்டுமில்லை, சத்தத்தில் இருந்தது. அடியில் உருளும் பேஸ், ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனியாகக் கேட்கும் அடுக்குகள், மின்மினியின் குரலைச் சுற்றி விட்டிருக்கும் காற்றோட்டம். நல்ல ஸ்பீக்கர் இருந்தால்தான் இது தெரியும். எங்கள் ஊரில் இருந்ததோ குழாய். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் மைக்செட்காரர் வேப்பமரத்தில் கட்டுகிற நீளக் குழாய். அதில் பேஸ் வராது. நடுச்சத்தம் மட்டும்தான் வரும், ஆனால் இரண்டு மைலுக்கு வரும். மனிதக் குரல், நாகஸ்வரம், உருமியின் இழுப்பு, தவில். குழாய்க்கென்றே பிறந்தவை போன்ற பாட்டுகள் ராஜாவிடம் மலையளவு இருந்தன. ரஹ்மானின் அடுக்குகள் குழாய்க்குள் போனால் கலங்கித் தகரமாகிவிடும். ஸ்டீரியோ செட் பரவப் பரவத்தான் ‘ரோஜா’ எங்கள் பக்கம் உண்மையில் வெளியானது என்று நினைக்கிறேன். 2005ல் டைம் பத்திரிகை அதை உலகின் பத்துச் சிறந்த திரையிசைகளில் ஒன்றாகச் சேர்த்தபோது நான் எட்டாம் வகுப்பு. அந்த மரியாதைதான் பின்னோக்கிப் போய் 1992 மேல் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதிலும் போட்டி ‘ரோஜா’வுக்கும் ‘தேவர் மக’னுக்கும் என்றே சொல்வார்கள். ஓட்டு சமமாக விழ, நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா தன் ஓட்டைப் புதுப்பையனுக்குப் போட்டார் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. பாலு மகேந்திரா தன் படங்களுக்குப் பெரும்பாலும் ராஜாவையே வைத்துக்கொண்டவர் என்பதால் இந்தக் கதைக்கு ஒரு காவியத்தன்மை வந்துவிட்டது. இசையமைப்பு விருது ரஹ்மானுக்கு, பாடலாசிரியர் விருது வைரமுத்துவுக்கு. பின்னணிப் பாடகி விருது மட்டும் ‘தேவர் மக’னில் ‘இஞ்சி இடுப்பழகி’ பாடிய எஸ்.ஜானகிக்கு.

அம்மாவின் கேசட்டில் ‘தேவர் மகன்’ இரண்டு பாட்டு. ஒன்று ஜானகி பாடியது. இன்னொன்று ‘போற்றிப் பாடடி பெண்ணே’.

அது நல்ல பாட்டு. மெட்டு, தாளம், வாலியின் சொல் உட்காரும் விதம் எல்லாமே. அதைக் குழாயில் கேட்டால் கால் தானாக ஆடும். எத்தனையோ கல்யாணத்தில் அதற்கு ஆடியிருக்கிறேன், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மாமா ஆடிய போட்டோ ஒன்றும் இருக்கிறது. தீபாவளிக்குப் படம் வந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 30, பசும்பொன்னில் குருபூஜை. அந்த வருஷமே பாட்டு ஊர்வலத்தில் ஏறியிருக்கும் என்றால் ஆச்சரியமில்லை. பிறகு அது இறங்கவே இல்லை. படத்தின் பாட்டாக இருந்தது ஒரு சாதியின் பெருமைப் பாட்டாக ஆனது. தொண்ணூறுகள் முழுக்கத் தென்மாவட்டங்கள் எரிந்த காலம். கொடியன்குளம் 1995. வெட்டும் கலவரமும் நடந்த அந்த வருஷங்களில் வேனிலும் குழாயிலும் எந்தப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. கல்லூரி ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம், துணி மடித்துக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுத்தேன். அறைத்தோழன் நெல்லைப் பக்கத்துக்காரன். என் வயதுதான், அவனும் தொண்ணூத்திரண்டு. படித்துக்கொண்டிருந்தவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “வேற பாட்டு பாடேன்” என்றான்.

“ஏன்டா, ராஜா பாட்டுடா.”

“தெரியும். நல்ல பாட்டுதான்.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். “எங்க தெரு தாண்டும்போது மட்டும் வால்யூம ஏத்துவானுங்க.”

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, வெட்கமா பயமா தெரியவில்லை. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, என் நினைவில் அந்தப் பாட்டோடு சேர்ந்திருக்கும் கல்யாணங்களில் எந்தத் தெருக்காரர்கள் இருந்தார்கள், எந்தத் தெருக்காரர்கள் இல்லை என்று முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன்.

இந்த இடத்தில் ‘தேவர் மக’னைக் காப்பாற்றுவதற்கு ஒரு பதில் தயாராக எல்லோரிடமும் இருக்கிறது. படமே வன்முறைக்கு எதிரானது, கடைசியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லித்தான் முடிகிறது என்பார்கள். உண்மைதான். நானும் அந்தப் படத்தைப் பல முறை பார்த்தவன், இன்றும் பார்ப்பேன். ஆனால் படம் இரண்டரை மணிநேரம் ஒரு கொட்டகைக்குள் ஓடுகிறது, பாட்டு முப்பது வருஷம் தெருவில் ஓடுகிறது. கிளைமாக்ஸை யாரும் குழாயில் போடுவதில்லை.

அந்தப் படத்தில் இசக்கி என்று ஒரு பாத்திரம் உண்டு. வடிவேலு. சின்ன எஜமான் சொன்னார் என்று கோயில் பூட்டைத் திறந்துவிட்டு, அதற்காகக் கையைப் பறிகொடுப்பவன். வலித்தாலும் கையே போனாலும் விசுவாசம் மாறாதவன். வடிவேலுவின் ஆரம்ப காலப் படங்களில் அவர் வெறும் சிரிப்புக்காரர் இல்லை என்று காட்டியது அதுதான், அதை நாம் பெரிய நடிப்பு என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோனோம். 2023 ஜூனில் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசனும் வந்திருந்த மேடையில், மாரி செல்வராஜ் தன் படம் உருவானதற்கு ‘தேவர் மகன்’ ஒரு முக்கியக் காரணம் என்று சொன்னார். இசக்கியை நினைத்துக்கொண்டே பல வருஷம் இருந்த ஒருவர், அதே வடிவேலுவை எம்.எல்.ஏவாக்கி, மாமன்னன் என்று பெயர் வைத்து, ஒரு பாட்டையும் பாட வைத்தார். யுகபாரதி எழுதிய ‘ராசா கண்ணு’. இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

தொண்ணூத்திரண்டாம் வருஷத்துப் படங்களில் ஒருபக்கம் ‘தேவர் மகன்’, மறுபக்கம் ‘ரோஜா’ என்று விருதுக் குழு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் கை இழந்து நின்றவனுக்கு முப்பத்தொரு வருஷம் கழித்து மறுபக்கத்துக்காரர் மெட்டுப் போட்டார். அந்தப் பாட்டில் வடிவேலுவின் குரலில் ரஹ்மான் அடுக்கெல்லாம் பெரிதாக வைக்கவில்லை. வயதான, கொஞ்சம் கரகரத்த ஒரு மனிதக் குரல் முன்னால் நிற்கிறது. குழாயில் போட்டாலும் கலங்காது.

படம் பார்த்த ராத்திரி அறைத்தோழனுக்குப் போன் செய்தேன். ஹாஸ்டலை விட்டு வந்த பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பேசுவதுதான். படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், அவனுக்கு இரண்டாம் பாதி பிடிக்கவில்லை. அம்மாவின் கேசட் கதையைச் சொன்னேன். பச்சை மை, பன்னிரண்டு பாட்டு, கடைசியில் ஒட்டிக்கொண்ட ‘ரோஜா’. சிரித்தான். “உன் வருஷத்துப் பாட்டு எதுடா?” என்று கேட்டேன்.

“எங்க வீட்ல ஏதுடா டேப்பு” என்றான். “குழாய்ல என்ன வருதோ அதைத்தான் கேப்போம். கட்டுனவன் போடுறது.”

மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும், மகளுக்கு ஸ்கூல் வேன் ஏழு மணிக்கே வந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டான்.