அமெரிக்காவில் அரசுச் செலவு: கட்சிப் பிணக்கும் கடன் உச்சவரம்பும்

அமெரிக்கக் கூட்டரசு எதற்கு, எவ்வளவு செலவழிக்க வேண்டும், அந்தப் பணத்தை வரியாகத் திரட்டுவதா கடனாக வாங்குவதா என்பதில் ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் பல பத்தாண்டுகளாக நீடிக்கும் தகராறு, அந்நாட்டு அரசியலின் தீராத வழக்கு. ஆண்டு நிதி ஒதுக்கீடு, கடன் உச்சவரம்பு, வரிக்குறைப்பு ஆகிய மூன்று களங்களில் இது நடக்கிறது. ஒதுக்கீடு நிறைவேறாதபோது அரசு அலுவலகங்கள் பூட்டப்படுகின்றன. உச்சவரம்பு உயராதபோது உலகமே பத்திரமானது என்று நம்பும் கடன்பத்திரங்களுக்கு வட்டி வருமா என்ற கேள்வி எழுகிறது. பொருளாதாரம் நன்றாக இருக்கிறதா என்று வாக்காளரைக் கேட்டால், அவர் சொல்லும் பதிலும் பெரும்பாலும் அவருடைய கட்சியைப் பொறுத்தே அமைகிறது.

இந்தியா போன்ற நாடாளுமன்ற ஆட்சியில் நிதி மசோதா தோற்றால் அரசே கவிழ்ந்துவிடும். அதனால் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே கஜானா மூடப்படும் நிலை வருவதில்லை. அமெரிக்காவில் அதிபர், பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒன்று மற்றொன்றைக் கவிழ்க்க முடியாது, ஆனால் முடக்கிப் போட முடியும். தகராறு இவ்வளவு தூரம் முற்றுவதற்கு முதல் காரணம் இந்த அமைப்புத்தான்.

பணம் எங்கே போகிறது

2024 நிதியாண்டில் கூட்டரசின் செலவு ஏறத்தாழ 6.75 லட்சம் கோடி டாலர். வருவாய் 4.9 லட்சம் கோடி. இடைவெளியான 1.8 லட்சம் கோடியும் கடன். செலவில் சுமார் 60 சதவீதம், ஆண்டுதோறும் வாக்கெடுப்பு இல்லாமலேயே சட்டப்படி போய்க்கொண்டிருப்பது. 1935இல் வந்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும், 1965இல் வந்த, முதியோருக்கான மெடிக்கேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டங்களும் இதில் அடக்கம். வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 88,000 கோடி டாலர் போனது. அந்த ஆண்டு ராணுவத்துக்கான செலவையே அது மிஞ்சிவிட்டது.

ஆண்டுதோறும் சபையில் அடித்துக்கொள்வது மிச்சமுள்ள கால்வாசிச் செலவுக்காகத்தான். அதிலும் பாதி ராணுவம். கல்வி, ஆராய்ச்சி, பூங்கா, வீட்டுவசதி, நீதிமன்றம் எல்லாம் எஞ்சிய சிறு பங்கில் அடங்கிவிடுகின்றன. பற்றாக்குறையைக் குறைக்கப்போவதாகச் சொல்லும் எவரும் ஒன்று முதியோர் திட்டங்களில் கை வைக்க வேண்டும், அல்லது வரியை உயர்த்த வேண்டும். முதலாவதைச் செய்யக் குடியரசுக் கட்சிக்கே துணிவு போதவில்லை. இரண்டாவதை நடுத்தர வர்க்கத்திடம் கேட்க ஜனநாயகக் கட்சியும் தயாராக இல்லை. சிறிய பங்கின் மீது இத்தனை பெரிய சண்டை நடப்பதன் பின்னணி இதுதான்.

கடன் உச்சவரம்பு

கடன் வாங்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம், பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த காங்கிரசிடம் கொடுத்திருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பணம் திரட்ட 1917இல் வந்த இரண்டாம் லிபர்ட்டி பத்திரச் சட்டம், பத்திர வெளியீட்டுக்கு ஒரு வரம்பு கட்டியது. ஒவ்வொரு முறையும் தன்னிடம் வந்து நிற்காமல் கருவூலமே பத்திரம் வெளியிடட்டும் என்று காங்கிரஸ் செய்துகொடுத்த வசதி அது. மொத்தக் கடனுக்கும் ஒரே வரம்பு 1939இல் வந்தது, 4,500 கோடி டாலராக.

இந்த வரம்பு புதிய செலவைத் தடுப்பதில்லை. செலவுக்கும் வரிக்கும் காங்கிரஸ் முன்பே ஒப்புதல் கொடுத்துவிட்டிருக்கும். அந்த இரண்டுக்கும் இடையிலான பள்ளத்தைக் கடனால் நிரப்பக் கருவூலத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி. வரம்பை உயர்த்த மறுப்பது சிக்கனம் ஆகாது. ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் கட்டாமல் விடுவதாகத்தான் முடியும். வரம்பைச் சிக்கனத்தின் கருவியாகப் பொதுமேடையில் காட்டுவது மக்களைத் திசைதிருப்பும் பேச்சு. அதை இரு கட்சிகளும் செய்திருக்கின்றன.

1960க்குப் பின் வரம்பு 78 முறை உயர்த்தப்பட்டோ, நீட்டிக்கப்பட்டோ, மாற்றி வரையறுக்கப்பட்டோ இருக்கிறது என்பது கருவூலத்தின் கணக்கு. அவற்றில் 49 முறை குடியரசுக் கட்சி அதிபர்களின் காலத்தில், 29 முறை ஜனநாயகக் கட்சி அதிபர்களின் காலத்தில். வரம்பை எட்டியதும் கருவூலம் ‘அசாதாரண நடவடிக்கை’ எடுக்கும். கூட்டரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி அரசுப் பத்திரங்களில் செய்யும் முதலீட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, அந்த அளவுக்கு வெளியில் கடன் வாங்க இடம் பண்ணிக்கொள்ளும். அந்த இடமும் தீர்ந்து, கையில் பணம் வறளும் நாளை வாஷிங்டனில் ‘எக்ஸ் தேதி’ என்கிறார்கள்.

அந்தத் தேதியை நெருங்குவதே விலை உள்ள காரியம். 1979 வசந்தத்தில் வரம்பு கடைசி நேரத்தில் உயர்ந்தது. கருவூலத்தின் அலுவலக இயந்திரக் கோளாறும் சேர்ந்துகொள்ள, சிறு முதலீட்டாளர்கள் சிலருக்குச் சேர வேண்டிய சுமார் 12 கோடி டாலர் தாமதமானது. 2011இல் நடந்தது இதைவிடப் பெரிது. 2010 தேர்தலில், அரசுச் செலவை எதிர்த்த டீ பார்ட்டி இயக்கத்தின் அலையில் பிரதிநிதிகள் சபையைப் பிடித்த குடியரசுக் கட்சியினர், செலவைக் குறைத்தால்தான் வரம்பு உயரும் என்று ஒபாமா அரசிடம் பிடிவாதமாக நின்றனர். கருவூலம் குறித்த கெடுநாளான ஆகஸ்ட் 2 அன்றுதான் சட்டம் கையெழுத்தானது. மூன்று நாள் கழித்து ஸ்டாண்டர்டு அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை அதன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு படி இறக்கியது. இந்த இழுபறியால் அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் கூட்டரசின் வட்டிச் செலவு 130 கோடி டாலர் கூடியது என்று அரசின் தணிக்கை அமைப்பு பின்னர் மதிப்பிட்டது. சிக்கனத்தின் பேரால் நடந்த போராட்டத்துக்கு மக்கள் கொடுத்த கட்டணம் அது.

நியூயார்க்கின் கடன் பலகை

கட்டட முதலாளி சீமோர் டர்ஸ்ட் 1989இல் நியூயார்க் நகரின் மையத்தில் ஒரு மின்பலகை வைத்தார். தேசத்தின் மொத்தக் கடனும், ஒரு குடும்பத்தின் தலையில் விழும் பங்கும் அதில் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்கும். 1990களின் இறுதியில் பட்ஜெட் உபரிக்குத் திரும்பியது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வரவு செலவை மிஞ்சியது. 2000இல் எண் இறங்கத் தொடங்கவே, பலகையை அணைத்துத் திரை போட்டு மூடினார்கள். 2002இல் திரையை விலக்க வேண்டி வந்தது. 2008இல் கடன் 10 லட்சம் கோடி டாலரைத் தாண்டியபோது பலகையில் இலக்கத்துக்கு இடம் போதவில்லை. டாலர் குறி இருந்த கட்டத்தில் ‘1’ என்ற எண்ணைப் போட்டுச் சமாளித்தார்கள்.

அந்த நான்கு ஆண்டு உபரிக்கு யார் காரணம் என்பதிலும் இரு கட்சிகளுக்கும் உடன்பாடில்லை. குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூட ஆதரிக்காத 1993 வரி உயர்வை, அன்றைய அதிபர் கிளிண்டன் தரப்பு காட்டும். 1995க்குப் பிந்தைய செலவுக் கட்டுப்பாட்டை, அன்றைய குடியரசுக் கட்சிச் சபாநாயகர் நியூட் கிங்ரிச் தரப்பு காட்டும். இரண்டுக்கும் பங்கு உண்டு. 1990இல் தன் கட்சியின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு வரியை உயர்த்திய அதிபர் மூத்த புஷ்ஷுக்கும், அன்றைய பங்குச்சந்தை ஏற்றத்துக்கும் பங்கு உண்டு.

அலுவலகங்கள் பூட்டப்படும்போது

ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக் கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் ஓசையில்லாமல் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. 1980இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டும் என்று கருத்துரைத்தார். அரசு நிர்வாக முடக்கம் என்ற ஆயுதம் பிறந்தது அங்கேதான். 1995 டிசம்பரில் தொடங்கியது 21 நாள் நீடித்தது. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்த 2013 அக்டோபரில் நடந்தது 16 நாள். மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப் நின்றதால் 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள். 2025 அக்டோபர் 1இல் தொடங்கி 43 நாள் நீடித்தது, அதுவரை நடந்தவற்றில் மிக நீளமானது. இந்த முறை ஆயுதத்தை எடுத்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். ஆண்டு இறுதியில் காலாவதியாகவிருந்த மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. செனட்டில் அவர்கள் அணியிலிருந்து எட்டுப் பேர் பிரிந்து வாக்களித்த பிறகு, கோரியது கிடைக்காமலேயே முடக்கம் முடிந்தது.

இந்த நாட்களில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தாக வேண்டும். 2019இல் வந்த சட்டப்படி நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி பின்னால் கிடைத்துவிடும். அதே கட்டடத்தில் துடைக்கும், காவல் காக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த உறுதி இல்லை. 2025 நவம்பரில் சுமார் 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவி தடைப்பட்டது. மளிகைக் கடையில் உதவி அட்டையை நீட்டும் தாய்க்கு அதில் பணம் ஏறியிருக்கிறதா என்பது நீதிமன்ற உத்தரவுகளைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறியது. இரு கட்சிகளின் வியூக வகுப்பாளர்களும் இவர்களின் நெருக்கடியை எதிர்த்தரப்பின் மீதான அழுத்தமாகக் கணக்கிட்டார்கள். இந்தத் தகராறில் மன்னிக்க முடியாத பகுதி இது.

கொள்கையும் நாற்காலியும்

இரு கட்சிகளுக்கும் இடையே உண்மையான கொள்கை வேறுபாடு இல்லாமல் இல்லை. மருத்துவமும் முதுமையும் வேலையிழப்பும் தனிமனிதர் ஒருவராகச் சுமக்கக்கூடியவை அல்ல, அரசு தோள் கொடுக்க வேண்டும் என்பது ஜனநாயகக் கட்சியின் நம்பிக்கை. வரியைக் குறைத்து ஒதுங்கி நின்றால் முதலீடும் வேலையும் தாமே பெருகும் என்பது குடியரசுக் கட்சியின் நம்பிக்கை. இரண்டும் நேர்மையாக வாதிடத்தக்கவை.

ஆனால் கடன் பற்றிய கவலை மட்டும் வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. சிறிய அரசு வேண்டும் என்று வந்த ரீகனின் எட்டு ஆண்டுகளில் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 2006இல் இளைய புஷ் ஆட்சியில் வரம்பை உயர்த்தும் மசோதா 52-48 என்ற கணக்கில் செனட்டில் தேறியபோது, எதிர்த்து வாக்களித்தவர்களில் செனட்டர் ஒபாமாவும் ஒருவர். அதிபரான பின் அந்த வாக்கு தவறு என்று சொன்னார். ஒபாமாவிடம் நிபந்தனை வைத்த குடியரசுக் கட்சி, டிரம்பின் முதல் ஆட்சியில் அப்படிப்பட்ட நிபந்தனை இல்லாமல் மூன்று முறை வரம்பை நிறுத்திவைத்தது. பைடன் வந்ததும் நிபந்தனை திரும்பி வந்தது.

கொரோனா கால நிதி இதற்குத் தெளிவான சான்று. 2020 மார்ச்சில் டிரம்ப் கையெழுத்திட்ட சுமார் 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டம் செனட்டில் 96-0 என்று நிறைவேறியது. தலைக்கு 1,200 டாலர் காசோலை போனது, டிரம்பின் பெயர் அச்சிடப்பட்டு. அடுத்த மார்ச்சில் பைடனின் 1.9 லட்சம் கோடிச் சட்டத்துக்கு, தலைக்கு 1,400 டாலர் இருந்தும், இரு அவைகளிலும் ஒரு குடியரசுக் கட்சி வாக்கும் விழவில்லை. இரண்டாவது சட்டம் வந்தபோது நிலைமை மாறியிருந்தது, பொருளாதாரம் ஏற்கெனவே மீண்டுகொண்டிருந்தது என்ற வாதம் நியாயமானது. கிளிண்டனிடம் கருவூலச் செயலராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸே, இவ்வளவு பணம் விலைவாசியைக் கிளப்பும் என்று முன்கூட்டி எச்சரித்தார். 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. அதில் நிவாரணப் பணத்தின் பங்கு எவ்வளவு, சரக்குத் தட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு, உக்ரைன் போரின் பங்கு எவ்வளவு என்பதில் பொருளாதார அறிஞர்கள் இன்னும் ஒருமித்துச் சொல்லவில்லை. மேடையில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

‘நிலைமை எப்படி’ என்ற கேள்வி

நாட்டின் பொருளாதார நிலை பற்றிய மக்களின் கணிப்பும் கட்சி வழியே பிரிகிறது. அரசியல் அறிஞர் லாரி பார்ட்டெல்ஸ் 1988ஆம் ஆண்டுத் தேர்தல் ஆய்வை எடுத்துப் பார்த்தார். ரீகனின் காலத்தில் பணவீக்கம் 13.5 சதவீதத்திலிருந்து சுமார் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் தீவிர ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அது மோசமானதாகவே சொல்லியிருந்தார்கள். கிளிண்டன் காலத்தில் இதன் மறுபக்கம் தெரிந்தது. பற்றாக்குறை பாதிக்கும் கீழே இறங்கியிருந்த 1996இல், குடியரசுக் கட்சியினரில் பலர் அது ஏறியதாகச் சொன்னார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் கணக்கெடுப்பில், ஆட்சி மாறும்போதெல்லாம் இரு கட்சியினரின் கோடுகளும் இடம் மாறிக்கொள்கின்றன. 2016, 2020, 2024 மூன்று தேர்தல்களுக்குப் பிறகும் இதுதான் நடந்தது. கடையில் முட்டை விலையோ வீட்டு வாடகையோ அந்தச் சில வாரங்களில் மாறியிருக்கவில்லை.

மக்கள் உண்மையிலேயே அப்படி நம்புகிறார்களா, அல்லது கட்சிக்காகச் சொல்கிறார்களா? 2015இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைச் சோதித்தன. சரியான பதிலுக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்னவுடன், இரு கட்சியினரின் பதில்களுக்கு இடையே இருந்த இடைவெளி கணிசமாகச் சுருங்கியது. ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்வதற்கும் பணம் உண்டு என்றபோது இன்னும் சுருங்கியது. அப்படியானால் பலருக்கு உண்மை ஓரளவு தெரிந்தே இருக்கிறது. கருத்துக்கணிப்பில் வரும் பதிலை நாட்டின் பொருளாதார நிலவரமாக அப்படியே வாசிப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

2023க்குப் பின்

2023 ஜனவரியில் கடன் 31.4 லட்சம் கோடி டாலர் வரம்பில் முட்டி நின்றது. பைடனும் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியும் பேரம் பேசி, சில செலவுகளுக்கு உச்சம் கட்டி, 2025 ஜனவரி 1 வரை வரம்பை நிறுத்திவைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 314-117 என்று அது தேறியது. விட்டுக்கொடுத்ததற்கும், பின்பு முடக்கத்தைத் தவிர்த்ததற்கும் விலையாக, அந்த அக்டோபரில் மெக்கார்த்தி சொந்தக் கட்சியினர் எட்டுப் பேர் எதிரணியோடு சேர்ந்ததால் பதவி இழந்தார். அமெரிக்க வரலாற்றில் தீர்மானத்தின் மூலம் நீக்கப்பட்ட முதல் சபாநாயகர் அவர். அதே 2023 ஆகஸ்டில் ஃபிட்ச் நிறுவனமும், 2025 மே மாதத்தில் மூடீஸ் நிறுவனமும் அமெரிக்காவின் தரத்தை இறக்கின. மூன்று பெரிய தர நிறுவனங்களில் ஒன்றிடமும் இப்போது அந்நாட்டுக்கு முதல் தரம் இல்லை.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம், செனட்டில் துணை அதிபர் வான்ஸின் வாக்கோடு 51-50 என்று தேறியது. மெடிக்கெய்ட் செலவை அது குறைக்கிறது. இருந்தும், வரிக்குறைப்பால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. கடன் உச்சவரம்பை ஒரே வீச்சில் 5 லட்சம் கோடி உயர்த்தியதும் இதே சட்டம்தான். உச்சவரம்பையே ஒழித்துவிடலாம் என்று டிரம்ப் 2024 டிசம்பரில் சொன்னபோது, அவரை மற்ற எல்லாவற்றிலும் எதிர்க்கும் செனட்டர் எலிசபெத் வாரன் அதை ஆமோதித்தார். டென்மார்க்கிலும் இதுபோன்ற வரம்பு உண்டு. அங்கே அதைக் கடனுக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பதால் சண்டைக்கு இடமில்லை. அமெரிக்காவில் வரம்பு இன்னும் சட்டத்தில் இருக்கிறது, இப்போது 41.1 லட்சம் கோடி டாலராக.