ஒலிபெருக்கியின் காயில் கம்பி

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு ஒலிபெருக்கி என்றால் ‘ஓ-பார்லேர்’. உரக்கப் பேசுவது என்று பொருள். அதற்குள் இருக்கும் செம்புக் கம்பிச்சுருளை ஆங்கிலத்தில் ‘வாய்ஸ் காயில்’ என்பார்கள். பிரெஞ்சில் ‘பொபீன் மொபீல்’, அதாவது நகரும் சுருள். அது எப்படிப் பேசுகிறது, ஏன் அறுந்துபோகிறது என்ற இரண்டு கேள்விக்கும் இந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது.

காந்தத்தின் இடுக்கில் சுருள் நகரும் என்ற யோசனைக்கு 1874-லேயே ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் சீமென்ஸ் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் பாட்டு எழுப்ப அன்று ஆம்ப்ளிஃபயர் இல்லை. 1915-ல் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் நகரும் சுருளோடு கிராமபோன் குழாயைச் சேர்த்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘மேக்னவாக்ஸ்’, லத்தீனில் பெருங்குரல். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் குழாயை விட்டுவிட்டு, காகிதக் கோனைச் சுருளோடு ஒட்டினார்கள். இன்றைய ஸ்பீக்கரும் அடிப்படையில் அதுதான்.

ஒலிக்கும் நேரமெல்லாம் சுருள் ஆடிக்கொண்டே இருக்கும். இரும்புச் சட்டம் ஆடாது. இரண்டையும் இணைக்கும் ஒயர் வளைந்து வளைந்து ஒருநாள் அறும். அதனால்தான் அங்கே சாதாரணக் கம்பி போடாமல், நூலின்மேல் மெல்லிய செம்புத் தகடு சுற்றிய ஒயரைப் போடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வால்வு ரேடியோ ஊமையானது. கடையில், “வேற ஸ்பீக்கர் போட்டுக்குங்க சார்” என்றார்கள். அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிய பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். டார்ச் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டார். நல்ல ஸ்பீக்கர் ‘டப்’ என்னும். இது சும்மா இருந்தது. கோன்மேல் இருக்கும் இரண்டு பற்றுகளை பிளேடால் சுரண்டி அங்கே தொட்டார். ‘டப்’ என்றது. “காயிலுக்கு ஒண்ணுமில்ல தம்பி, ஒயர்தான் போச்சு” என்றார். எழுபதைத் தொடப்போகும் என்னைத் தம்பி என்று கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

புது ஒயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டு, காகிதம் கருகுமுன் ஒரே தொடலில் பற்றவைத்து, மேலே ஒரு துளி பசை. வேலை அவ்வளவுதான். ஒயரை இழுத்துக் கட்டினால் மறுபடி அறும் என்றார். சுருளுக்குள்ளேயே அறுந்திருந்தால் வேலை பெரிது: கோனைப் பிரித்து, அதே கனக் கம்பியை அதே சுற்று எண்ணிக்கையில் சுற்றி, காந்தத்தில் உரசாதபடி பழைய ஃபிலிம் துண்டுகளைச் சொருகி நடுவில் நிறுத்தி ஒட்டவேண்டும்.

அவரிடம் கற்றுக்கொள்ள அந்தக் கடையில் ஒரு பையனும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஊமையான பழைய ரேடியோ இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு டார்ச் பேட்டரியால் தொட்டுப் பாருங்கள். விரல் நீள ஒயர் ஒன்றுதான் குறையாக இருக்கலாம்.