சுண்ணக்கட்டி யார் கையில்?

காணொளிக் கூட்டத்தின் நடுவே சிறு பெட்டியொன்று தோன்றுகிறது. எதிர்முனையில் இருப்பவர் நம் திரையை இயக்க அனுமதி கேட்கிறார். ஒப்புதல் தந்த மறுகணமே அம்புக்குறி நம் கைக்கு அடங்காமல் தானே நடமாடத் தொடங்குகிறது. முதன்முறை அதைக் காண்பவர்க்கு உள்ளூரச் சற்று அச்சம் எழாமல் இராது. அந்தச் சிறு பெட்டியின் பின்னே அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில், டக்ளஸ் எங்கல்பார்ட் சுமார் 1000 பேர் முன்னிலையில் 90 நிமிடச் செயல்விளக்கம் ஒன்றை நிகழ்த்தினார். அவர் இயக்கிய கணினி அரங்கில் இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால், மென்லோ பார்க் ஆய்வகத்தில் இருந்தது. நுண்ணலை வழியே படம் வந்தது. மோடம் வழியே அவருடைய விசைகளும் மௌஸின் அசைவுகளும் சென்றன. அந்நிகழ்ச்சியை மௌஸுக்காகவே பலரும் நினைவுகூர்கின்றனர். நம்மை ஈர்ப்பது வேறொரு காட்சி. ஆய்வகத்திலிருந்த பில் பாக்ஸ்டனின் முகம் திரையின் ஒரு பகுதியில் தெரிகிறது. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி பேசுகிறார்கள். திரையில் இரண்டு சுட்டிகள். ஆனால் இரண்டும் சமமல்ல: பாக்ஸ்டனின் சுட்டி இடத்தைக் காட்டலாம், எதையும் மாற்ற முடியாது. கரும்பலகையைச் சுட்டிக்காட்டும் விரல் ஒருவருக்கு, சுண்ணக்கட்டி மற்றவருக்கு!

இத்துறையின் உண்மையான கேள்வி அன்றே எழுந்துவிட்டது எனலாம். தொலைவைக் கடப்பது பொறியியல். சுண்ணக்கட்டியை யாரிடம் தருவது, எப்படித் திரும்பப் பெறுவது என்பது வேறு.

1990களின் இறுதியில் கேம்பிரிட்ஜின் ஆலிவெட்டி ஆய்வகம் உருவாக்கிய விஎன்சி, நெகிழ்வட்டில் அடங்கும் சிறு நிரலால் எங்கோ இருக்கும் கணினியை முழுவதுமாக ஆள வழிசெய்தது. மறுமுனையில் ஆள் இருந்தாக வேண்டிய அவசியமில்லை, கடவுச்சொல் போதும். பணியாளர்க்குப் பெரும் வசதி, ஐயமில்லை. ஆயினும் கேட்டுப் பெறும் மரபு அதில் இல்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த தொலை உதவி அம்மரபை மீட்டது. உதவி கோருபவர் சம்மதித்தாலன்றி உதவுபவர் எதையும் தொட இயலாது. எஸ்கேப் விசையை அழுத்தினால் ஆட்சி முடிந்தது. அந்த ஒற்றை விசையை இத்துறையின் நாகரிகமான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவே நாம் கருதுகிறோம்.

பின்னர் வந்தது 2020. பெருந்தொற்றில் வீட்டுக்குள் அடைபட்ட உலகம் ஜூம் போன்ற மென்பொருள்களுக்குள் குடியேறியது. கணினி அறியாத பெற்றோரின் திரையை அயல்நாட்டிலிருந்து பிள்ளைகள் சீர்செய்தனர். மேக் கணினியில் இதற்கு முன்கூட்டியே 'அணுகல்தன்மை' அனுமதி தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் மென்பொருள்களுக்கென அமைந்த வாயில் அது; பிறர் கரமும் அவ்வழியேதான் நுழைகிறது.

வேறு கரங்களும் நுழைந்தன. 2025 ஏப்ரலில் டிரெயில் ஆஃப் பிட்ஸ் என்னும் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. நேர்காணல் என்று அழைத்துக் கூட்டத்தில் சேர்பவர், தம் பெயரையே 'ஜூம்' என்று மாற்றிக்கொண்டு திரையின் கட்டுப்பாட்டைக் கேட்கிறார். பெட்டியில் தெரிவது, ஜூம் உங்கள் திரையை இயக்க விரும்புகிறது என்பதே. மென்பொருளின் வழக்கமான அறிவிப்பென்று எண்ணி அழுத்தியவர், கணினியையே ஒப்படைத்தவராகிறார். பூட்டை உடைக்கவில்லை, கதவைத் தட்டியவர் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னார், அவ்வளவே.

ஜூமில் கட்டுப்பாட்டைத் தந்த பின்னும் நம் திரையில் எங்கேனும் ஒரு சொடுக்கு சொடுக்கினால் சுட்டி நம்மிடம் திரும்பிவிடும். ஆனால் கொடுத்த அனுமதி அதனால் ரத்தாவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் மீண்டும் ஒருமுறை சொடுக்கினால் சுண்ணக்கட்டி அவர் கைக்கே போய்விடும். அதை ரத்துசெய்யும் கட்டளை, பட்டியலுக்குள் தனியே இருக்கிறது.