பென்குயினைக் காணச் சென்றவர்கள்

கோடையில் நல்லேப்பிள்ளியை அறிந்தவர்க்கு, வெப்பம் என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறத்து ஊர் அது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அம்மாவட்டத்தில் வெப்ப அலை வீசியபோது, வெப்பமானி 41 டிகிரி செல்ஷியசைத் தாண்டிற்று. அதற்கு அடுத்த மாதமே, அங்கிருந்து மேற்கே இறங்கினால் அடையக்கூடிய கொச்சி நகரில், உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, பனிக்கட்டியைத் தவிர வேறொன்றும் மிகுதியாக இல்லாத ஒரு கண்டத்தைப் பற்றிப் பதினொரு நாட்கள் ஆலோசித்தார்கள். அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது ஆலோசனைக் கூட்டம் அது. மே 20 முதல் 30 வரை நடைபெற்றது.

அக்கூட்டத்தின் பொருள்களுள் ஒன்று சுற்றுலா. பென்குயின் பறவையை அது வாழும் இடத்திலேயே சென்று காண வேண்டும் என்னும் ஆவலால், 2023-24 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தென்கடலுக்குக் கப்பலேறினர். பணம் செலுத்தினால் அழைத்துச் சென்று, அருகில் நிறுத்திக் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். இன்று இது ஒரு வாணிகம். ஆனால் இதே ஆவலுக்காக மூன்று மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவோம்.

1911ஆம் ஆண்டு. ஸ்காட் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் கோஷ்டி, தென்துருவத்தை அடையும் நோக்கத்துடன் ராஸ் தீவில் உள்ள எவன்ஸ் முனையில் குடிசை அமைத்துக் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. அக்கோஷ்டியின் விஞ்ஞானத் தலைவர் எட்வர்டு வில்சன். மருத்துவர், பறவையியல் அறிஞர், ஓவியர். அவர் மனத்தில் துருவத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது ஒரு முட்டை. பேரரசப் பென்குயின் என்னும் மிகப் பெரிய பென்குயினே பறவைகள் அனைத்திலும் தொன்மையானது என்றும், அதன் கருவை ஆராய்ந்தால் ஊர்வனவற்றின் செதில் எவ்வாறு பறவையின் இறகாக மாறிற்று என்பது விளங்கும் என்றும் அக்காலத்தில் அறிஞர் பலர் நம்பினர். வில்சன் முன்னரே 1903இல் கிரோசியர் முனைக்குச் சென்று, அங்குள்ள பென்குயின் கூட்டத்தைக் கண்டவர். ஆனால் செப்டம்பரில் சென்றபோதே குஞ்சுகள் பொரித்துவிட்டன. எனவே கருவுள்ள முட்டை வேண்டுமானால் நடுக்குளிர்காலத்தில், கதிரவன் தலைகாட்டாத இருளில் செல்ல வேண்டும். அதற்கு முன் எவரும் அப்படிச் சென்றதில்லை.

அவருடன் இருவர் புறப்பட்டனர். ஒருவர் ஹென்றி பவர்ஸ். 'ராயல் இந்தியன் மரைன்' என்னும் அந்நாளைய இந்தியக் கடற்படையின் அதிகாரி. பர்மாவின் ஐராவதி ஆற்றில் பணியாற்றியவர் பனிக்கண்டத்துக் குளிரை மற்ற எவரினும் எளிதாகத் தாங்கினார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. மற்றவர் ஆப்ஸ்லி செரி-கரார்டு. 25 வயது இளைஞர். தடித்த கண்ணாடி இல்லாமல் எதையும் காண இயலாதவர். அந்தக் கண்ணாடியோ குளிரில் மூடுபனி படிந்து பயனற்றுப்போயிற்று.

ஜூன் 27ஆம் நாள் இரண்டு சறுக்கு வண்டிகளில் 757 ராத்தல் சுமையை ஏற்றிக்கொண்டு, நாய்களோ குதிரைகளோ இன்றித் தாமே இழுத்துச் சென்றனர். தொலைவு ஏறத்தாழ 67 மைல். பனி மணல்போல் சொரசொரத்து வண்டியைப் பிடித்துக்கொண்டபோது, ஒரு வண்டியை முன்னே இழுத்து வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தம் அடிச்சுவட்டைத் தேடித் திரும்பி வந்து, மற்றதை இழுத்தனர். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை. ஜூலைத் தொடக்கத்தில் வெப்பநிலை பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 77.5 டிகிரிக்கு இறங்கிற்று. செல்ஷியசில் அது பூஜ்யத்துக்குக் கீழே 60.8. நாம் முதலில் கூறிய பாலக்காட்டு வெயிலுக்கும் அந்த இரவுக்கும் இடையே நூறு டிகிரிக்கு மேல் வேறுபாடு. கூடாரத்தை விட்டு வெளியே வந்து செரி-கரார்டு தலையை நிமிர்த்திப் பார்த்த சில நொடிகளில் அவர் உடை அப்படியே உறைந்துபோயிற்று. நான்கு மணி நேரம் அண்ணாந்த தலையுடனேயே வண்டி இழுத்தார். அவ்விரவுகளில் நடுங்கி நடுங்கி அவருடைய பற்களே நொறுங்கின.

பத்தொன்பது நாட்களில் கிரோசியர் முனையை அடைந்து, கல்லால் ஒரு சிறு குடில் கட்டினர். ஜூலை 20 அன்று பனிப்பாறைகளுக்கிடையே புகுந்து இறங்கியபோது, அரை இருட்டில் அவர்கள் கண்ட காட்சியை அதற்கு முன் எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. நூறு பறவைகள் அளவில் அங்கே நின்றன. பேரரசப் பென்குயின் கூடு கட்டுவதில்லை. பெண் பறவை ஒரே முட்டையை இட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட, ஆண் பறவை அதைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்று மடிப்பால் போர்த்தி, இரண்டு மாதத்துக்கும் மேலாக உணவின்றி நிற்கிறது. முட்டையை இழந்த பறவைகள் சில, முட்டை வடிவில் உருண்ட பனிக்கட்டியை ஏந்தி அடைகாத்துக்கொண்டிருந்தன என்று எழுதுகிறார் செரி-கரார்டு. பிள்ளைப் பாசத்தைப் பற்றி நம் புலவர்கள் பாடியவை எத்தனையோ. இந்தப் பனிக்கட்டிக்கு ஈடாக ஒன்றும் நம் நினைவுக்கு வரவில்லை.

ஐந்து முட்டைகளை எடுத்தனர். அடுப்புக்குக் கொழுப்பு வேண்டி மூன்று பறவைகளைக் கொல்லவும் செய்தனர். இதை மறைத்துச் சொல்வது முறையன்று. திரும்பும் வழியில் இரண்டு முட்டைகள் உடைந்தன. மூன்று எஞ்சின. இரண்டு நாட்களில் பெரும் புயல் எழுந்து கூடாரத்தைப் பறித்துச் சென்றது. மறுநாள் குடிலின் கூரையும் கிழிந்து பறந்தது. அன்று வில்சனின் 39ஆவது பிறந்த நாள். படுக்கைப் பைகளுக்குள் கிடந்தபடி, மேலே விழும் பனியால் மூடப்பட்டு, மூவரும் பாட்டுப் பாடிக்கொண்டு காத்திருந்தனர். கூடாரம் இல்லையேல் மரணம் உறுதி. புயல் ஓய்ந்தபின், அரை மைல் தொலைவில் அது கிழியாமல் கிடந்ததைக் கண்டெடுத்தனர். ஆகஸ்டு 1ஆம் நாள் எவன்ஸ் முனையை அடைந்தபோது, படுக்கைப் பைகள் உள்ளே உறைந்த வியர்வையாலேயே இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடியிருந்தன.

வில்சனும் பவர்சும் அடுத்த ஆண்டு மார்ச்சில், துருவத்திலிருந்து திரும்பும் வழியில், ஸ்காட்டுடன் ஒரே கூடாரத்தில் இறந்தனர். அக்கூடாரத்தை 1912 நவம்பரில் தேடிக் கண்ட கோஷ்டியில் செரி-கரார்டு இருந்தார். அத்தேடலில் சுமை இழுத்த ஏழு கோவேறு கழுதைகளும் இந்தியாவிலிருந்து, சிம்லாவில் பழக்கப்படுத்தி அனுப்பப்பட்டவை. லால்கான், குலாப், பேகம், ராணி, பியாரி, அப்துல்லா, கான் சாகிப் என்பன அவற்றின் பெயர்கள். பனிக்கண்டத்தில் இந்தியாவின் அடிச்சுவடு முதலில் பதிந்தது இவ்வாறுதான்.

மூன்று முட்டைகளையும் 1913இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் செரி-கரார்டு நேரில் எடுத்துச் சென்றார். அங்கே அவரை யாரும் வரவேற்கவில்லை. பற்றுச்சீட்டு ஒன்று பெறுவதற்காக நெடுநேரம் நடைவழியில் காக்க வைத்தனர் என்று, 1922இல் வெளிவந்த தம் நூலில் கசப்போடு எழுதியிருக்கிறார். கருக்களின் ஆய்வு முடிந்து அறிக்கை வெளியானது 1934இல். அதற்குள், அந்த ஆய்வுக்கு அடிப்படையாய் இருந்த கொள்கையையே விஞ்ஞான உலகம் கைவிட்டுவிட்டது. முட்டைகள் புதிதாக எதையும் பெரிதாக உணர்த்தவில்லை. வீண் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பேரரசப் பென்குயின் நடுக்குளிரில் எப்படி வாழ்கிறது என்பதை முதன்முதலில் கண்டு வந்து சொன்னவர்கள் அவர்களே. முட்டை சொல்லாததைக் கண்கள் சொல்லின.

பின்னர் காலம் விரைந்தது. 1959இல் அண்டார்க்டிக் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாடு என்பவர் வழிகாட்டியோடு கூடிய சுற்றுலாவைத் தொடங்கி வைத்தார். 1979 நவம்பர் 28 அன்று, சுற்றிப் பார்க்கும் பயணிகளை ஏற்றி வந்த நியூசிலாந்து விமானம் ராஸ் தீவின் எரிபஸ் மலையில் மோதி, 257 பேரும் மாண்டனர். வில்சன் வண்டி இழுத்துச் சென்றது இதே மலையின் அடிவாரத்தைச் சுற்றித்தான்.

இன்றைய பயணி பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாத் துறைமுகத்தில் கப்பலேறுகிறார். இரண்டு நாள் கொந்தளிக்கும் கடல். பிறகு ரப்பர்ப் படகில் கரை. காலணியைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கலாகாது. 500 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல் எவரையும் இறக்கலாகாது. பறவையிடமிருந்து ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். பறவை நடந்து வந்தால் வழி விட வேண்டியவர் மனிதர். வழிகாட்டி இவற்றை ஓயாமல் நினைவூட்டுவார். அவர்கள் காண்பது பெரும்பாலும் ஜென்டூ, அடேலி முதலிய சிறு வகைகள். பேரரசப் பறவையைக் காண்பது அரிது.

இவ்விதிகள் போதுமா என்பதே கொச்சியில் எழுந்த வினா. அதில் இந்தியாவுக்கு உரிமையுள்ள குரல் உண்டு. 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து, டாக்டர் சையத் ஜகூர் காசிம் தலைமையில் 21 பேர் 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று பனிக்கண்டத்தில் இறங்கினர். அதன் பயனாக 1983இல் இந்தியா முடிவெடுக்கும் நாடுகளில் ஒன்றாயிற்று. 'தட்சிண கங்கோத்ரி' நிலையமும், பின்னர் 1989இல் 'மைத்ரி'யும், 2012இல் 'பாரதி'யும் எழுந்தன. 2022இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய இந்திய அண்டார்க்டிக் சட்டத்தின்படி, அனுமதியின்றி அங்குள்ள பறவைக்குத் தீங்கு செய்வது குற்றம். வில்சன் செய்ததை இன்று ஓர் இந்தியர் செய்தால் வழக்கு மன்றம் ஏற வேண்டும்.

கவலைக்குக் காரணங்கள் உள்ளன. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாத் தீவையும், 2024 பிப்ரவரியில் பனிக்கண்டத்தையும் எட்டிற்று. 2022இல் பெலிங்ஸ்ஹாசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்தபோது, அங்கிருந்த ஐந்து பேரரசப் பென்குயின் கூட்டங்களில் நான்கில், நீந்தும் சிறகு முளையாத குஞ்சுகள் ஏறக்குறைய அனைத்தும் அழிந்தன. அப்பறவைக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்ற முன்மொழிவு, 2022 பெர்லின் கூட்டத்தில் ஒருமித்த இசைவு கிட்டாமல் நின்றுபோயிற்று. கொச்சியிலும் அது நிறைவேறவில்லை. சுற்றுலாவுக்கு முழுமையான ஒழுங்குமுறை ஒன்றை வகுக்கும் பணி மட்டும் கொச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கே ஒரு நாடு மறுத்தாலும் எதுவும் நடவாது. ஆகவே நெடுநாள் பிடிக்கும்.

கிரோசியர் முனை இப்போது தனிப் பாதுகாப்புப் பகுதி. சுற்றுலாக் கப்பல்கள் அங்கே எவரையும் இறக்க முடியாது. ஆராய்ச்சியாளரும் அனுமதிச் சீட்டு பெற்றே செல்ல வேண்டும். மூவரும் கட்டிய கற்குடிலின் சுவர்கள் சிதைந்த நிலையில் அங்கே கிடக்கின்றன. வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் அவற்றின் எண் 21. கீழே பனியில் பேரரசப் பென்குயின்கள் ஆண்டுதோறும் இருளில் வந்து நிற்கின்றன.