ஐம்பது வயசுக்குக் கீழே

டர்னர் பரிசுப் பட்டியலை வருஷவாரியா ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இஞ்சினியர் புத்தி. ஓவியம் புரியலைன்னாலும் தேதிகளை அடுக்கினா ஏதாவது தட்டுப்படும். இந்தத் தடவை தட்டுப்பட்டது ரெண்டு பேரோட பிறந்த வருஷம்.

லண்டன் டேட் கலைக்கூடத்தின் இந்தப் பரிசு 1984இல் ஆரம்பித்தது. முதலில் வாங்கிய மால்கம் மார்லிக்கு அப்போ 53 வயசு. 1990இல் புரவலர் நிறுவனம் திவாலாகி, பரிசே இல்லை. அடுத்த வருஷம் சேனல் 4 ஆதரவில், 20,000 பவுண்டோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு விதி: ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்கள் மட்டும். 1991 இறுதிப் பட்டியலில் நாலு பேர்: அனிஷ் கபூர், இயன் டேவன்போர்ட், ஃபியோனா ரே, ரேச்சல் வைட்ரீட். மற்ற மூவரும் இருபதுகளில். ஜெயித்தது மும்பையில் 1954இல் பிறந்த கபூர், 37 வயசு.

அதே 1954இல் சான்சிபாரில் பிறந்தவர் லுபைனா ஹிமிட். வில்லியம் ஹோகார்த்தின் 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தை எடுத்து, தாட்சர் கால அரசியலையும் கலை உலகத்தையும் கிண்டலடிக்கும் வெட்டுருவங்களை 1986லேயே செய்துவிட்டார். பரிசு வரவில்லை. 2004இல் ஐம்பது ஆனது, கதவு சாத்தியாச்சு. 2017இல் விதியை நீக்கினார்கள். அந்த வருஷமே அவர்தான் ஜெயித்தார், 63 வயசில். ஹல் நகரக் கண்காட்சியில் அவர் வைத்தவற்றில் அந்த 1986 உருவங்களும் இருந்தன. 31 வருஷம் கழிச்சு, அதே உருவங்கள்!

இளைஞர்கள் பெரிய பெயர்களோடு மோத வேண்டாம் என்பதுதான் விதிக்கான நியாயம். அதில் தப்பில்லை. ஆனா அதே விதியை நம்மூர்க்காரர் ஒருத்தர் மேல போட்டுப் பாருங்க. கே.சி.எஸ். பணிக்கர், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்கு மாதிரித் தெரிந்தும் படிக்க முடியாத 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை 1963இல் ஆரம்பித்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியாச்சு. சோழமண்டலம் கலைஞர் கிராமம் அதற்கும் பிறகு, 1966இல். இன்னைக்கு அவர் பெயரைச் சொன்னா நினைவுக்கு வருவது இந்த ரெண்டும்தான்.

எனக்கு 46. போன மாசம் ஆள் எடுக்கும்போது ஒரு பயோடேட்டாவைப் பார்த்து, "இவருக்கு என்ன வயசிருக்கும்?"னு கேட்டது நான்தான். அதை ஓரமா வெச்சுட்டாங்க. திங்கக்கிழமை திரும்ப எடுக்கச் சொல்லணும், ஆள் இன்னும் வேலை தேடிக்கிட்டு இருந்தால்.